நோட்டில் இருந்த நில்

விஜயம் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். எரிகிற அடுப்புகூடத் தெரியவில்லை.

"ராமு, இடக்கண் முழுக்க இருட்டிடுத்துடா. நீ தர மாத்திரையாலதான். பயமா இருக்கு."

"பலகீனம் அக்கா. ஒருவேளைச் சாப்பாடு வேற," என்றான் தம்பி ராமசுப்ரமணியன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

அவன் டாக்டர். யானைக்காலுக்கு மருந்து கண்டுபிடித்திருந்தான். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் பக்குவம் அதற்கு வந்துவிட்டதா என்று அவன் நோட்டைப் பார்த்துச் சொல்ல, பத்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. சரி என்றால் நாளைக்கே வலியதுறை மீனவர்களில் நாற்பது பேருக்குக் கொடுப்பான். இன்று விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் கமிட்டி.

மருந்து கொடுத்த முயல்கள் பிழைத்ததும், அதைத் தின்று பார்க்க முதல் மனுஷியை அவன் வலியசாலைத் தெருவில் தேடி அலையவில்லை. தாலியறுத்த அக்கா வீட்டிலேயே இருந்தாள். மணையில் மஞ்சள் வைக்கும்போது உள்ளே போ என்பார்கள். இதற்கு மட்டும் முதலில் வா என்றார்கள். என்ன தாராள மனசு, பாருங்கள்.

நோட்டு மேசையில் விரிந்து கிடந்தது. விஜயத்துக்கு இங்கிலீஷில் எழுத்துக் கூட்ட மட்டும் வரும். தன் பெயருக்கு நேரே இருந்த மூன்றெழுத்தைக் கூட்டினாள்.

"நில்னு போட்டிருக்கே. யாரை நிக்கச் சொல்றே?"

அவன் சிரித்தான். "அது இங்கிலீஷ் அக்கா. கெடுதல் ஒண்ணுமில்லேன்னு அர்த்தம்."

"அப்போ என் கண்ணு?"

"அதை எழுதினா, கமிட்டியிலே இன்னும் ஒரு வருஷம் முயலுக்கே கொடுன்னுடுவா."

"நாளைக்கு முதல்ல யாருக்கு?"

"ராகேல்னு ஒரு மீன்காரி. கைக்குழந்தைக்காரி. நீ உள்ளே போ, நான் கிளம்பறச்சே எதிரே வராதே, கேட்டியா."

விஜயம் உள்ளே போனாள். கண் தெரியாமல் அந்த ராகேல் குழந்தையை எப்படித் தூக்குவாள்? சோறு போடுகிறவன் துரத்திவிட்டால் போக்கிடம் கிடையாது. ஆனாலும் கொல்லைக்கதவைத் திறந்து, சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்கு வந்தாள்.

ராமசுப்ரமணியன் படியிறங்கினான். எதிரே அக்கா. முகம் சுண்டி உள்ளே திரும்பினான். அபசகுனமானால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தானே புறப்பட வேண்டும்? குடித்தான். மறுபடி வந்தான். அவள் அங்கேயே நின்றாள்.

"அக்கா, நேரமாறது. உள்ளே போயேன்."

"நான் வழியை மறிக்கலைடா. ஓரமாத்தான் நிக்கறேனாக்கும். நில்னு நீதானே எழுதியிருக்கே."

கூடத்துக் கடிகாரம் பத்தடித்தது. டாக்டர் மூன்றாம் முறையாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அக்காவின் கண் போனதற்கு ஒரு நிமிஷம்கூட நிற்காதவன், அவள் முகத்துக்கு நின்றுவிட்டான்.