முத்திரைக்கு முன் ஒரு தலையாட்டல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் கிடைத்தது. மனு கொடுக்கப் போன அரசு அலுவலகத்தில், மேசைக்குப் பின்னால் இருந்த பெண் முத்திரையைத் தூக்கினாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த இன்னொருத்தியைப் பார்த்தாள். அவள் தலையாட்டினாள். முத்திரை இறங்கியது. அடுத்த மனுவுக்கும் அப்படியே! எனக்குக் கை பரபரத்தது. வீடு வரும்வரை தாங்காமல் பேருந்துப் பயணச்சீட்டின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "விதி அவளை வஞ்சித்திரு—"

சே, அடித்தாயிற்று. விதியை எல்லாம் யார் கூப்பிட்டது? முத்திரை குத்துகிறவளுக்கு அறிவு வளர்ச்சியில் குறைபாடு உண்டு. அரசு வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் வாயாடி என்று கூப்பிடுகிறார்கள். சுவரோரம் இருந்தவள் பயிற்சியாளர். இப்படி வேலைக்கு வருகிறவர்கள் பழகும்வரை கூடவே இருப்பாள், பழகியதும் விலகிக்கொள்வாள். அதுதான் அவள் தொழில்.

[வாயாடி ரொம்பச் சாதுவாக வருகிறாளோ என்று சந்தேகம். சாதுவா? வரிசையில் இடையில் புகுந்த ஒருவரிடம் அவள் சொன்னதை நான் காதாரக் கேட்டேன்: "பின்னாடி போங்க சார். முன்னாடி நிக்கிறவங்கெல்லாம் என்ன பொம்மையா?"]

3

சிக்கலுக்கு வருகிறேன். பெயரைப் பார், கையெழுத்தைப் பார், தேதியைப் பார், முத்திரை குத்து. பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான். கற்றுக்கொடுக்காத ஒன்றையும் வாயாடி கற்றுக்கொண்டாள்: தலையாட்டலுக்குக் காத்திரு. உற்சாகப்படுத்தத்தான் பயிற்சியாளர் தலையாட்டினாள், பாவம். அதுவும் வேலையில் ஒரு படியாக ஒட்டிக்கொண்டது.

இன்று பயிற்சியாளர் உள்ளே இருக்கக் கூடாது. தனியாகச் செய்து காட்டினால்தான் வேலை நிலைக்கும் என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார்.

"கதவுக்கு வெளியிலதான் இருப்பேன்டி."

"சரிக்கா. எட்டி மட்டும் பாக்காதீங்க, எனக்குச் சிரிப்பு வந்துடும்."

4

முடிவு அ: கண்காணிப்பாளரே தலையாட்டுகிறார். (அடித்தேன். அவர் விடுப்பில் போனால்?)

முடிவு ஆ: அவளே தனக்குத் தலையாட்டிக்கொள்கிறாள். அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு இ: வரிசையில் இருந்து ஒரு

(இந்த இடத்தில் என் மனைவியைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு பத்தியையும் படித்துக் காட்டி அவள் முகத்தைப் பார்ப்பது என் வழக்கம்.

"என்னங்க, இது சரியா வருதான்னு எங்கிட்டக் கேக்கணுமா?"

"ஒண்ணுமில்ல, போ" என்றேன். வெட்கமாகப் போய்விட்டது.)

5

அதனால் இதை மனைவியிடம் காட்டாமல் நேராக உங்களிடம் தருகிறேன். வரிசையில் முதல் ஆள் நீங்கள்தான். மனுவை நீட்டுங்கள்.

பெயர் இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது. தேதியும் இருக்கிறது. எல்லாவற்றையும் சரியாகப் பார்த்துவிட்டாள்! முத்திரை மேலே போய் அப்படியே நிற்கிறது. சுவரோர நாற்காலி காலி. கண்காணிப்பாளர் கண்ணெடுக்காமல் பார்க்கிறார். வாயாடி மெல்ல நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.

அவளால் முடியும், சத்தியமாக முடியும். தயவுசெய்து கழுத்தை மட்டும் அசைத்துவிடாதீர்கள்.