மூன்று திராட்சையும் மிளகு வறுவலும்

என் மூக்கு வேலை செய்வதை நிறுத்தி நான்கு வருடமாகிறது. கொரோனா போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலில் ஒயின் பரிமாறிப் பிழைக்கிறவனுக்கு இது நாக்குச் செத்த சமையல்காரனின் நிலைமைதான். வீட்டில் மனைவி சூசைமேரிக்கும் ஓட்டலில் என்னோடு பரிமாறும் லின்சிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. பாட்டிலைத் திறந்ததும் லின்சி மோந்து பார்த்துக் கண்ணைக் காட்டுவாள், மீதியை நான் பேசிக்கொள்வேன். ஓய்வுக்கு இன்னும் பதினாறு மாதம். அதுவரை ஓட்டிவிட்டால் போதும். அலுத்துவிட்டது எனக்கு.

அன்று மதியம் லின்சி வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். அன்று பார்த்துச் சென்னிமலை ரவிக்குமார், மனைவி சண்முகப்ரியாவோடும் மச்சான் சாய்சரணோடும் வந்து உட்கார்ந்தார். பெட்ஷீட் ஏற்றுமதிக்காரர். அடுத்த வாரம் பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்கு நம்மூர்க் கறியோடு அவர்கள் ஊர் ஒயினைக் கொடுக்க வேண்டுமாம். எது எதோடு சேரும் என்று முன்கூட்டியே ருசி பார்க்க வந்திருந்தார்கள்.

தென் பிரான்சுச் சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தேன். மனப்பாடமான பாடத்தை ஆரம்பித்தேன்.

"இதுல மூணு திராட்சைங்க சார். கிரெனாஷ் பழத்தோட இனிப்பைக் குடுக்குமுங்க. சிரா மொளகாட்டம் சுறுக்குனு இருக்கும். மூணாவது முர்வேத், அது கொஞ்சம் மொரடுங்க, கடைசியில நாக்கைப் புடிக்கும். பள்ளிபாளையம் சிக்கன் வேண்டாமுங்க, அந்த வரமொளகாக் காரத்துல ஒயினும் சேந்து எரியும். வெள்ளாட்டுக்கறி மொளகு வறுவல் வெச்சா, கறியோட கொழுப்பு ஒயினோட தொவர்ப்பை அடக்கிப்போடும்."

நானும் கோப்பையில் மூக்கை நுழைத்தேன். ஒரு வாய் வைத்தேன். துவர்ப்பும் புளிப்பும் தெரிந்தன. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ரவிக்குமாருக்குக் கொஞ்சம் ஊற்றினேன். விருந்து வைக்கிறவர் முதலில் ருசி பார்த்து, சரியில்லையென்றால் அங்கேயே சொல்லிவிடலாம். அதற்காகத்தான் அந்த வழக்கமே.

"நல்லா இருக்குங்ணா," என்றார்.

மூவருக்கும் ஊற்றினேன். வறுவல் வந்தது. "ஜோராச் சேருதுங்க," என்றார் சாய்சரண். அப்பாடா என்று இருந்தது.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கறித்தட்டு காலி, கோப்பைகள் மூன்றும் ஊற்றியபடியே இருந்தன. இந்த ஊரில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு இது புரிய இவ்வளவு நேரம் ஆனது வெட்கக்கேடு. இங்கே யாரும் முகத்திலடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொடாமல் வைத்துவிடுவார்கள்.

"அம்மணி, மறைக்காமச் சொல்லுங்க," என்றேன் சண்முகப்ரியாவிடம்.

அவர் கணவரைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்ணா. எங்க குடோன்ல மழைத்தண்ணி எறங்கி அட்டைப்பெட்டி நனைஞ்சுபோச்சுன்னா ஒரு வாசம் வருமுங்க. அதேதானுங்க இது."

கார்க் மூடியில் பூஞ்சை பிடித்து வாசம் கெட்டுப்போன ஒயின். புதிதாய்ச் சேர்ந்தவன்கூட மேசைக்குக் கொண்டு வரமாட்டான்.

"நீங்க இத்தன சொன்னப்பறம், ஒருவேள இதுதான் அவங்கூரு வாசமோன்னு நெனச்சுப்போட்டோமுங்க," என்றார் ரவிக்குமார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொரு பாட்டிலைக் கொண்டு வந்து திறந்தேன். பாட்டில் கெட்டுப்போனது என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். நான்கு வருடம் தப்பித்த களைப்பு அப்படிச் சொல்ல விடவில்லை. கோப்பையைச் சண்முகப்ரியாவிடம் நீட்டினேன்.

"நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க அம்மணி. எனக்கு வாசமே தெரியாதுங்க. நாலு வருசமாச்சு."

அவர் கோப்பையை வாங்கி நிதானமாக முகர்ந்தார்.

"இது வேறைங்ணா. பழுத்த பழமாட்டம் வாசம் வருதுங்க. அடியில கொஞ்சம் மொளகு."

அழுகை வந்துவிட்டது எனக்கு. நாப்கினை மடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

இந்தத் தடவை கோப்பைகள் காலியாயின. மிளகு வறுவலையே அடுத்த வாரத்துக்கும் முடிவு செய்தார்கள். கிளம்பும்போது ரவிக்குமார் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒடம்பப் பாத்துக்குங்ணா. அப்பறம், அன்னைக்கி போன்ல டேபிள் புக் பண்ணிக் குடுத்தாங்களே, லின்சி அம்மணி, அடுத்த வாரம் அவுங்க இருப்பாங்கல்லங்க?"

"இருப்பாங்க சார்," என்றேன். இந்த ஊர் ‘வேண்டாம்’ இந்தத் தடவை உடனே புரிந்துவிட்டது. அவர் காரில் ஏறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.