உப்பறை ஜெபக்கூடம்

எங்கள் வட்டாரத்தில் இன்றைக்கு நிற்கிற ஆலயங்கள் ஏழு. இருந்து இல்லாமல் போனவை ஐந்து. நாலு மாதம் தெருத் தெருவாக நடந்து, அளந்து, விசாரித்து, அத்தனையையும் தட்டச்சு செய்தவள் நான். புத்தகத்தில் பெயர் மட்டும் என் மாமனாருடையது.

மாமா பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய ஆலயத்துக்கு இருபத்திரண்டு வருடம் செயலாளர். எண்பது வயதாகியும் முதுகு வளையவில்லை, நாக்கும் வளையவில்லை. ஆலயத்தின் நூற்றைம்பதாவது ஆண்டுக்கு ஒரு மலர் வெளியிட வேண்டும், வட்டாரத்தில் இருக்கிற ஆலயம் இல்லாத ஆலயம் எல்லாமே அதில் வர வேண்டும் என்று புதிதாக வந்த போதகர் ஆசைப்பட்டார். அவர் இளைஞர், வெளியூர்க்காரர். எதைக் கிளறினால் எது வரும் என்று அவருக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். அதனால்தான் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

நான் அவர் வீட்டு முன்னறையில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் வேலைக்கென்று வெளிநாடு போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு பதினொரு வருடமாகிறது. நான் மட்டும் இங்கே மிஞ்சினேன். வருகிறவர்களிடம் மாமா என்னை மருமகள் என்று சொல்வதில்லை. "நம்ம டைப்பிஸ்ட்" என்பார்.

சபையின் ஆண்டறிக்கையை அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், காலை பத்து மணிக்கு என் அண்ணனிடமிருந்து அவருக்கு போன் வந்திருக்கிறது. அம்மா போய்விட்டாள் என்று. மதியம் இரண்டு மணிக்குக் கடைசிப் பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். சரிபார்த்தார், ஒரு காற்புள்ளியைத் திருத்தச் சொன்னார். திருத்திக் கொடுத்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடி ஆணி அடித்திருந்தார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தட்டில் சாப்பாடு வைக்கும்போதெல்லாம் என் கை சரியாகத்தான் வேலை செய்யும். மனசு மட்டும் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தது.

ஆலயங்களைத் தேடிப் போன நாட்கள் ஒரு வகையில் நன்றாகவே இருந்தன. சந்தைக்குப் பக்கத்துச் சர்ச்சுக்கும் மாவு மில்லுக்கும் ஒரே சுவர். மில் ஓடினால் பிரசங்கம் நிற்கும், மில் நின்றால் பிரசங்கம் ஓடும். பழைய ஆஸ்பத்திரியின் ஜெப அறை இப்போது எக்ஸ்ரே அறை. வாசலில் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற கிழவர்கள் இன்னும் உண்டு. பட்டாளத்துக்காரர்கள் கட்டிய மரச் சர்ச்சைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. மிச்சமிருக்கிற இரண்டு கல்படியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்கள். இன்னொரு சிறிய ஜெப வீடு முடிதிருத்தும் கடையாகிவிட்டது. பலிபீடம் இருந்த மாடத்தில் பெரிய கண்ணாடி. மாமா அதற்கு முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்து முடி வெட்டிக்கொண்டார். என் வேலை பக்கத்தில் நின்று அறையின் நீள அகலத்தைக் குறிப்பது.

பன்னிரண்டாவது இடத்துக்கு மட்டும் அவர் வரவில்லை. மேஸ்திரியம்மா என்று ஒரு கிழவியிடம் உப்பறை போட்டோ ஒன்று இருக்கும், வாங்கிக்கொண்டு வா, பேச்சுக் கொடுக்காதே என்று அனுப்பினார்.

மேஸ்திரியம்மா இருந்தது பழைய தோல் பட்டறைக்குப் பின்னால், பெரிய ஆலயத்துக்குச் சொந்தமாக ஒரே வரிசையில் இருந்த நாலு வீடுகளில் கடைசி வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. எழுபத்தைந்து வயதிருக்கும். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து கையைத் துடைத்துவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். நான் யார் வீட்டிலிருந்து வருகிறேன் என்று அவளுக்குத் தெரியும். போட்டோவைத் தேடி எடுத்தவள், நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

பட்டறை ஓடிய காலத்தில் அங்கே நாற்பது குடும்பம் வேலை செய்தது. எல்லோரும் பெரிய ஆலயத்துக்குத்தான் போனார்கள், பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் பச்சைத் தோலின் வாடை நகக்கண்ணை விட்டுப் போகாது. ஒரு நாள் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. மற்றவர்களின் தியானத்துக்கு இடைஞ்சலாக இருப்பதால் பட்டறைக் குடும்பங்கள் காலை ஆராதனைக்கு வர வேண்டாம், மாலையில் வாசலுக்கு வெளியே நிற்கலாம் என்று. அவள் புருஷன் பட்டறையில் மேஸ்திரி. அந்தக் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். முதலாளியைக் கேட்டு, தோலுக்கு உப்புப் போடுகிற அறையைக் கழுவி, அதையே ஜெபக்கூடமாக்கினார்கள். மணி கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடித்தார்கள். பதினாறு வருடம் அங்கே கல்யாணம் நடந்தது, பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள், ஜெபித்தார்கள்.

பட்டறை கைமாறியபோது உப்பறைக்கு எழுத்துப் பத்திரம் எதுவும் இல்லை என்று பதிவு அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்தது. அந்த இடம் பெரிய ஆலயத்தின் பெயருக்கு வந்தது. ஆண்கள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் இடிக்க வந்தார்கள். சேதி கேட்டு மேஸ்திரி ஓடி வந்தார். வேதப்புத்தகம் உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றார். எடு என்றார்கள். அவர் உள்ளே போனது கூரைமேல் நின்று இடித்தவனுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லையா, அது அவளுக்கு இன்றுவரை தெரியாது. உத்திரம் இடுப்பில் விழுந்தது.

"உங்க மாமனார் வெளியில நின்னாரு. தூறல் போட்டுது, குடை பிடிச்சிருந்தாரு. நான் கத்தினேன். அவரு குடையத்தான் இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்தினாரு" என்றாள்.

மூன்றாம் நாள் மேஸ்திரி இறந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த கமிட்டிக்காரர் ஒருவர், மூணாம் நாள்தானே, ஆண்டவர் மாதிரி எழுந்திருச்சாலும் எழுந்திருப்பார் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்ததாம். பிறகு கருணை காட்டி இந்த வீட்டைக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். நான்தான் அழுதேன். புத்தகத்தில் போடுகிறேன் என்றும் சொன்னேன். அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதெல்லாம் எழுதாதம்மா. கேக்க ஒரு ஆளு வந்தியேன்னு சொன்னேன், அவ்வளவுதான். எனக்கு இந்த வீட்ட விட்டா போக்கிடம் இல்ல. இங்கயே கண்ண மூடிடணும். எழுத மாட்டேன்னு சொல்லு."

எழுத மாட்டேன் என்று சொன்னேன். போட்டோவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மாமாவிடம் அவள் சொன்னது உண்மையா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "கட்டடம் பழசு. தானா விழுந்துச்சு. அப்படித்தான் கமிட்டி மினிட்ஸ்ல இருக்கு, அத எழுதினவனும் நான்தான். அடி" என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பராமரிப்பின்றி இருந்த உப்பறை மழையில் தானாகச் சரிந்தது, அங்கே கூடிய சகோதரர்கள் மனமுவந்து தாய்ச்சபைக்குத் திரும்பினார்கள் என்று நாலு வரி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஒப்புதல் போட்டார்.

மறுநாள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். அந்த நாலு வரியை அழித்தேன். மேஸ்திரியம்மா சொன்னதை ஒன்று விடாமல் அடித்தேன். கடிதம், உத்திரம், தூறல், குடை எல்லாம். குடை பிடித்து நின்ற செயலாளர் யார் என்பதையும் எழுதினேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இல்லாமல் இல்லை. உண்மை ஒரு நாள் வெளியே வரத்தானே வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அடிக்கும்போது என் கண்ணுக்கு முன்னால் இருந்தது மேஸ்திரியம்மாவின் முகம் அல்ல. என் அம்மாவின் பெட்டிமேல் அடித்திருந்த ஆணிகள்.

அச்சகத்திலிருந்து புத்தகக் கட்டுகள் விழா அன்று காலையில்தான் வந்தன, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வெளியீட்டு விழாவில் கூட்டம் நிறைய. இல்லாமல் போன ஐந்து ஆலயங்களைப் பற்றிய பக்கங்களைப் பாடகர் குழுவிலிருந்து ஒரு பெண் வாசிப்பதாக ஏற்பாடு. நல்ல கணீரென்ற குரல். மாமா முன் வரிசையில் வெள்ளைச் சட்டையில், காலை ஒன்றின்மேல் ஒன்று போட்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரியம்மாவைப் போதகரே ஆளனுப்பி அழைத்திருந்தார். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

எக்ஸ்ரே அறைக்குச் சிரித்தார்கள். கரையானுக்குச் சிரித்தார்கள். பிறகு உப்பறை வந்தது. அந்தப் பெண் அர்த்தத்தைக் கவனிக்காமல் அழகாக ஏற்றி இறக்கி வாசித்துக்கொண்டே போனாள். உத்திரம் விழுந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. நிறுத்தலாமா என்று போதகரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தபடி இருந்தார். அவள் முடித்தே விட்டாள்.

எங்கோ ஒருவர் இருமினார். மாமா கால்மேல் போட்ட காலை எடுத்துக் கீழே வைத்தார். நான் எத்தனையோ வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. பார்த்தேன், ஆசை தீரப் பார்த்தேன். அப்புறம்தான் திரும்பிப் பின் வரிசையைப் பார்த்தேன். மேஸ்திரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தூணுக்குப் பின்னால் உடம்பை ஒடுக்கிக்கொண்டிருந்தாள். அடி விழப்போகிறது என்று தெரிந்தவள் மாதிரி. போதகர் எழுந்து பாட்டு ஒன்றைப் பாடச் சொன்னார். எல்லோரும் சத்தமாகப் பாடினார்கள்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. ஐந்நூறு பிரதியிலும் அந்தத் தாளை வெட்டி எடுக்க வேண்டும் என்று முடிவு. வெட்டுகிற வேலையை எனக்கே கொடுத்தார்கள். ஸ்கேலையும் பிளேடையும் வைத்துக்கொண்டு ஆலயத்துப் பக்கவாட்டு அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடை அவர் வீட்டில் இருக்கிறது, நானும் அவர் வீட்டில் இருக்கிறேன்.

அடுத்த வாரம் வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்கு மட்டும் நோட்டீஸ் போனது. பழுது பார்க்க வேண்டியிருப்பதால் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். போதகரிடம் ஓடினேன். தரையைப் பார்த்தபடி, கமிட்டி முடிவு சிஸ்டர், நான் வந்து ஆறு மாசம்தான் ஆகுது என்றார்.

காலி செய்கிற அன்றைக்குப் போனேன். அவள் தங்கையின் மகன் ஒரு மினி லாரி கொண்டுவந்திருந்தான். அவன் வீடு தூரத்து ஊரில். அடுப்படியில் பாய் போட இடம் இருக்கிறது என்று அவன் மனைவி சொல்லியிருக்கிறாளாம், அதையும் அவனே பெருமையாகச் சொன்னான். நான் ஒரு மூட்டையைத் தூக்கக் குனிந்தேன்.

"வை அத" என்றாள் மேஸ்திரியம்மா.

வைத்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன், ஊருக்குத் தெரிய வேண்டாமா என்றேன்.

"ஊருக்குத் தெரியாதா? அன்னிக்கு இடிக்கிறதப் பாக்க ஊரே வந்து நின்னுச்சு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உனக்கு உன் மாமனார அடிக்க ஒரு கல்லு வேணும். கையில அகப்பட்டது என் புருஷன். எடுத்து வீசிட்ட. அவரு ரெண்டாந்தடவையும் அவங்க காலடியிலதான் விழுந்து கெடக்காரு."

தங்கை மகன் லாரியில் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினான். அவளைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தபோது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அடுப்படியில் எட்டு மாதம் இருந்துவிட்டு இறந்துபோனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கே அடக்கம் செய்தார்கள் என்று விசாரித்தேன். சொல்ல ஆள் இல்லை.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டை விட்டுப் போ என்று சொல்வார், கடையைப் பூட்டுவார் என்று நாளெல்லாம் காத்திருந்தேன். லாரி போன அன்று மதியம் வழக்கம்போலச் சாப்பிட உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். கை கழுவப் போகும்போதுதான் பேசினார்.

"அந்த வரிசைய இடிச்சிட்டுக் கல்யாண மண்டபம் கட்டணும்னு பத்து வருஷமா கமிட்டியில பேச்சு. மத்த மூணும் காலியாத்தான் கெடந்துச்சு. அந்தக் கிழவிய மட்டும் எழுப்ப முடியல. ஆலயத்துக்குக் கெட்ட பேரு வரும்னு எல்லாரும் பயந்தாங்க. கெட்ட பேர நீ கொண்டுவந்துட்ட. அப்புறம் என்ன பயம்? நல்ல காரியம் பண்ணின."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். அங்கிருந்து கூப்பிட்டார். பக்கம் வெட்டிய புத்தகம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, இரண்டாம் பதிப்பு போடக் கமிட்டி சம்மதித்துவிட்டது, பொருளடக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியை என் தோளுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை கடைசி எழுத்துவரை தான் பக்கத்திலேயே இருப்பதாகச் சொன்னார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். நம் வட்டாரத்தில் இருந்தவையும் இருப்பவையுமாக ஆலயங்கள் மொத்தம் பதினொன்று.

அடித்தேன்.