லிவரில் இல்லாத இடைவெளி

ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்தியது. வண்டி மட்டும் ஊர்ந்தது. ஜீவனஹள்ளிச் சந்துகளைச் சுற்றிவிட்டு வந்த ரெமிஜியஸ் வாசலில் நிறுத்தி இறங்கினார். இறந்துபோன தம்பி க்ளெனின் பைக். க்ளெனின் மனைவி நோரா இப்போது அதில்தான் பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகிறாள். நேற்று மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி இப்படியே கத்த, பின்னால் வந்த லாரிக்காரன் கன்னடத்தில் அவள் வம்சத்தையே விசாரித்திருக்கிறான்.

"கிளட்ச் பிளேட் போயிடுச்சா மாமா?" என்று கேட்டாள் நோரா.

"பிளேட் தேஞ்சிருந்தா ஆறின வண்டியும் வழுக்கும். இது காலைல நல்லா இழுத்துச்சு. சூடானாதான் வழுக்குது."

தொழிற்சாலையில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ்களைப் பார்த்துக்கொள்பவர் ரெமிஜியஸ். எண்ணெயின் குணத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். இன்ஜின் ஓரத்தில் இருந்த சின்னத் திருகை இம்மியளவு தளர்த்தினார். அடைபட்டிருந்த எண்ணெய் துணியில் பீய்ச்சியது. திருகை இறுக்கி மறுபடி ஓட்டினார். வண்டி பிடித்து இழுத்தது.

"பாத்தியா? கிளட்ச் லிவர அமுக்குனா எண்ணெய் போயி பிளேட்டுங்கள விலக்குது. விட்டா மேல ஹேண்டில்ல இருக்கற எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பணும். அதுக்கு ஒரு சின்ன ஓட்டை. லிவர் முழுசா வெளிய வந்தாதான் அது திறக்கும். இங்க திறக்கல. சூட்டுல எண்ணெய் உப்புது, போக வழியில்ல. யாரும் தொடாமலே கிளட்ச்ச அமுக்கிட்டு இருக்கு."

லிவரை ஆட்டினார். அழுத்தம் தொடங்குவதற்கு முன் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும், ஆடவில்லை. லிவருக்குள் இருந்த திருகு கடைசிவரை உள்ளே போயிருந்தது. அப்படி வைத்தால் பாதி இழுத்தாலே கிளட்ச் விலகும். பலமில்லாத கைக்கும் போதும்.

திருகைப் பிடித்திருந்த நட்டின் மூலைகள் மழுங்கியிருந்தன. பல தடவை, ஸ்பேனர் நழுவி நழுவித் திருப்பியிருக்கிறார்கள். க்ளெனின் கையில் ஸ்பேனர் நழுவி அவர் பார்த்ததே இல்லை.

நோய் தெரியவந்த அன்று, க்ளெனுக்குக் கையில் பலம் குறையத் தொடங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நோரா சண்டைக்கே போனாள். "தினம் பைக் ஓட்டிட்டுப் போனாரு. எனக்குத் தெரியாதா?" அடக்கத்துக்கு வந்தவர்களிடமும் ஃபாதரிடமும் அதையேதான் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை நடமாடுகிறாள்.

"என்ன மாமா, அந்த நட்டயே பாத்துட்டு இருக்கீங்க?"

"திருகு மாறியிருக்கு, அவ்ளோதான்."

"யாரு மாத்துனது?"

"ஓட்ட ஓட்ட தானா மாறும்மா." அவள் முகத்தைப் பார்க்காமல் திருகைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, லிவர் லேசாக ஆடும்படி வைத்து, நட்டை இறுக்கினார்.

நோரா வண்டியில் ஏறி லிவரை இழுத்தாள். "முன்ன லேசா தொட்டாலே போதும். இப்ப முழுசா இழுக்க வேண்டியிருக்கே."

"இதுதான் சரியான அளவு."

"அப்ப அது யாருக்கு அளவு?"

ரெமிஜியஸ் ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"அப்பல்லாம் அவரு சாயங்காலம் லேட்டாதான் வருவாரு மாமா," என்றாள் நோரா. "பாலத்துக்குக் கீழ நின்னேன், வண்டி ஆறட்டும்னு நின்னேன்னுவாரு. யாருகூட அரட்டைன்னு கத்துவேன். சிரிச்சிட்டு உள்ள போயிடுவாரு."

அவள் மறுபடி இழுத்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக லிவரிலிருந்து எடுத்துக்கொண்டே இழுத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் மட்டும் மிஞ்சியபோது லிவர் கொஞ்சம் வந்து நின்றது. விரல் வெளுத்தது. விடாமல் பிடித்திருந்தாள்.