தேறாத ஒத்திகை

இறந்தவரைப் போர்த்துவதற்கு ஒரு நல்ல விரிப்பு வேண்டும் என்று அலமாரியெல்லாம் குடைந்துவிட்டு, கடைசியில் அவர் மனைவியின் தம்பி அவருடைய நீலப் பெட்டியைத் திறந்தான். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஜப்பானுக்குப் போகிற பெட்டியில் நல்ல துணி ஒன்றாவது இல்லாமலா போய்விடும் என்பது அவன் நினைப்பு. மூடியைத் தூக்கினான். உள்ளே செங்கற்கள். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, இடுக்கில் காற்றுகூட நுழையாதபடி அடுக்கியிருந்தது. வீடு கட்டும் மேஸ்திரி பார்த்தால் வேலைக்குக் கூப்பிட்டிருப்பார்.

"அக்கா, இதுல வெறும் கல்லுதான் இருக்கு."

"பின்ன என்ன இருக்கும்? அந்த மனுஷன் மண்டையில இருந்ததுதானே பெட்டியிலயும் இருக்கும்," என்றாள் அவள்.

மண்டைக்கு உரியவர் கூடத்துச் சோபாவில் நீட்டிப் படுத்திருந்தார். காலையில் உயிர் போயிருந்தது. கழுத்தில் விசில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இறந்த பிறகும் யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லப் போகிறவர் போல ஒரு முகம். அந்த முகத்தோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவளுக்கு அதில் பார்க்கப் புதிதாக எதுவும் இல்லை.

அவர் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். நடக்காத தீ விபத்துகளை நடத்திக் காட்டுவதுதான் உத்தியோகம். திடீரென்று மணி அடிப்பார், விசில் ஊதுவார். ஆட்கள் வெயிலில் போய் வரிசையாக நிற்க வேண்டும். அடிபட்டவர் ஒருவர் வேண்டுமே என்று இவரே சட்டையில் சிவப்பு மையைக் கொட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மூலையில் விழுந்து கிடப்பார். அத்தனை காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் ஒரு தீக்குச்சிகூடத் தப்பாகப் பற்றவில்லை. அதை அவர் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார் என்பது அவள் அபிப்பிராயம்.

ஓய்வு பெற்ற பிறகு தொழிற்சாலை இல்லை, குடும்பம் இருந்தது. வசந்த காலத்தில் ஜப்பானில் செர்ரி மரங்கள் பூக்கும், மூன்று பேரும் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் அறிவித்தார். அவர், அவள், கல்யாணம் ஆகாமல் அவர்களோடேயே தங்கிவிட்ட அவள் தம்பி. ஆனால் ஒத்திகையில் தேறினால்தான் டிக்கெட்.

அங்கே ரயிலில் பேசக்கூடாது என்று எங்கோ படித்தார். ஊர்க்கோடி வரை மூன்று பேரும் பஸ்ஸில் வாயைத் திறக்காமல் போய்வந்தார்கள். துக்க வீட்டுக்காரர்கள் என்று நினைத்துக் கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. இறங்கும்போது ஒரு கிழவர் அவள் தலையைத் தடவி, "மனசைத் தேத்திக்கம்மா," என்றார். அவள் அதற்கும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு தடவைதான் அவளுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அங்கே குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று ஒரு மாதம் குளிர்சாதனப் பெட்டிக்குக் குனிந்தார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நல்ல மேசையின் கால்களை அறுத்தார். நிலநடுக்கம் வந்தால் மேசைக்கு அடியில் நுழைய வேண்டும் என்பது அதற்கு அடுத்த வாரப் பாடம். கால் அறுத்த மேசைக்கு அடியில் பூனைகூட நுழைய முடியாது என்று தெரிந்தபோது, குற்றம் மேசை மேல் விழுந்தது.

ஒவ்வொரு வசந்தத்திலும் யாராவது ஒருவர் தேறவில்லை. பெரும்பாலும் தம்பிதான். எதற்கும் பிந்தி வருவதால் அவனுக்கு 'அரைமணி' என்று அவர் பெயர் வைத்திருந்தார். அந்த மரங்கள் ஒரு வாரம் பூத்து, கொட்டி, இலை விட்டுவிடும். இவர்கள் அடுத்த வருஷத்துக்கு, பூட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பழகுவார்கள்.

"ஒரு வாரம் பூக்குற மரத்துக்கு ஆறு வருஷமா மாடி ஏறுறோம். அந்த மரத்துக்கு விஷயம் தெரிஞ்சா வெக்கப்பட்டு ஒரு மாசம் சேர்த்துப் பூக்கும்," என்று அவள் போன வாரம்கூடச் சொன்னாள். அப்படிச் சொன்னவள், நடப்பதற்கென்று புதிதாக ஒரு ஜோடி ஷூ வாங்கி, அட்டைப் பெட்டியிலேயே கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். இன்று காலைதான் முதல்முறையாகப் போட்டாள். இன்னும் கழற்றவில்லை.

தம்பி இப்போது அவளுடைய சிவப்புப் பெட்டியைத் திறந்தான். அதில் செங்கல் இல்லை. இரண்டு தலையணை, அதற்கு மேல் மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு.

"உன்னோடதுல தலகாணிக்கா."

அவள் எழுந்து வந்து பார்த்தாள். மூன்று பெட்டியும் ஒரே எடை, பாரபட்சம் கிடையாது என்று சொல்லி, பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டவர் அவர்தான். வாரா வாரம் மாடி ஏறும்போது தனக்கு மட்டும் மூச்சு வாங்காததை அவள் சும்மா விட்டதில்லை. "என்னங்க, பெட்டியத் தூக்குறீங்களா, இல்ல பெட்டி உங்களத் தூக்குதா?" என்று ஒவ்வொரு மாடியிலும் நின்று கேட்பாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

"எடு, போர்த்து. அதுக்கென்ன வேடிக்கை," என்றாள்.

கீழ் வீட்டு டாக்டர் இறப்புச் சான்றிதழுக்கு விவரம் கேட்க உட்கார்ந்தார். பல் டாக்டர்தான், ஆனாலும் அந்தக் குடியிருப்பில் யார் செத்தாலும் முதலில் வந்து நாடி பார்ப்பது அவர் வழக்கம். எழுதிக்கொடுக்கும் அதிகாரம் தனக்கு இல்லை, எழுதுகிற நண்பரிடம் சொல்ல வேண்டும் என்று இழுத்துவிட்டுக் கேட்டார்.

"விழுந்து எவ்வளவு நேரம் கழிச்சு நான் பாத்தேன்னு நினைக்கிறீங்க?"

தம்பி சாப்பாட்டு மேசையைப் பார்த்தான். அதன் மேல் மூன்று டீக் கோப்பைகள் இருந்தன. இரண்டு காலி. ஒன்றில் ஆடை படர்ந்திருந்தது.

"அப்பத்தான் விழுந்திருப்பாரு," என்றாள் அவள்.

டாக்டர் தலையாட்டினார். பல்லைத் தவிர எதையும் உள்ளே போய்ப் பார்க்காத மனிதர் என்று அவரைப் பற்றி அவள் நினைத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு ஒத்திகையில், இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பின்னால் வந்தவள் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அவர் மடியில் கிடந்தபடியே விசிலை ஊதினார். "பெட்டி போச்சு. பாஸ்போர்ட் போச்சு. ஆளு விழுந்தாலும் பெட்டிய விடக்கூடாது. நீ தேறல," என்றார். அதோடு இந்த வசந்தமும் தள்ளிப்போகும் என்ற நிலை. ஒரே ஒரு மறுதேர்வு தருவதாக இரங்கி, நாள் குறித்தார். அதுதான் இன்று.

இன்று காலை அதே திருப்பத்தில் அவர் மறுபடி விழுந்தார். அதே மாதிரி நெஞ்சில் கை. அவள் பெட்டியை விடவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புது ஷூ அவர் மேல் படாமல் ஒரு எட்டு அகலமாக வைத்து, அவரைத் தாண்டி ஏறினாள். மேலே வாசலுக்கு வந்ததும் கீழே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"இப்ப தேறிட்டேனா?"

பதில் இல்லை. மதிப்பெண் போட மனசு வரவில்லை என்று எண்ணிக்கொண்டு உள்ளே போய் டீ வைத்தாள். பிறகு தம்பியும் தாண்டி வந்தான். "மாமா இன்னிக்கு நல்லா பண்றாரு," என்றபடி உட்கார்ந்தான். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். டிக்கெட் எடுக்காமல் இனி அவரால் தப்ப முடியாது என்று பேசிச் சிரித்தார்கள். அப்புறம்தான் கீழே இருந்து டாக்டரின் குரல் கேட்டது.

மதியத்துக்கு மேல் தொழிற்சாலையின் பழைய வாசற்காவலர் வந்தார். பெரிய ஆகிருதி. அழுவதற்குத் தயாராகவே வந்திருந்தார். யாரும் அழாததைக் கண்டு பேச ஆரம்பித்தார். எத்தனை ஒத்திகை, சார் எப்படி விழுவார், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் எப்படிக் கதறுவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். துக்கத்தைக்கூட இலவசமாக வந்து சாப்பிடுகிறவர்கள் என்று நினைத்தபடி அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு மட்டும் தெரியும்மா," என்றார் காவலர். "நடிப்பா நிஜமான்னு. விழுறதுக்கு முன்னாடி சார் விசிலைப் பல்லுல கடிச்சுக்குவாரு. விசில் வாயில இருந்தா ஒத்திகை. கழுத்துல தொங்கினா ஓடி வாங்கடான்னு சொல்லி வச்சிருந்தாரு. ஒரு நாளும் தொங்கினதில்ல."

தம்பி அக்காவைப் பார்த்தான். போன மாதம் மடியில் கிடந்தவரின் பற்களுக்கு நடுவே விசில் இருந்தது. இன்று அது சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் கிடந்தது. பளபளவென்று இருந்தது. அதில் கால் பட்டுவிடக்கூடாது என்றுதான் அவள் எட்டை அகலமாக வைத்தாள்.

"எங்ககிட்ட அதெல்லாம் சொல்லல," என்றாள். விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டு, "உலகத்துல இருக்குற எல்லாத்தையும் சொன்னாரு," என்றாள்.

காவலர் விசிலைக் கழற்றிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கை காட்டினாள்.

சாயங்காலம் வண்டி வந்தது. தூக்குப்படுக்கையோடு இரண்டு ஆட்கள் ஏறி வந்தார்கள். அந்தக் கட்டடத்து லிஃப்டில் ஆள் நின்றுதான் போகலாம், படுத்துப் போக முடியாது. படியில் இறக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் படுக்கை மாட்டிக்கொண்டது. இப்படியும் அப்படியும் ஆட்டினார்கள். ஒருவர் கட்டடம் கட்டியவனைத் திட்டினார்.

தம்பி கீழே இறங்கிப் போனான். எதற்கும் முந்தி வராதவன்.

"விடுங்க, நான் சொல்றேன். கால் பக்கம் கைப்பிடிக்கு மேல வரணும். தலைய செவத்தோட அணைங்க. முதல்ல இடது கால் வைங்க. இப்ப திருப்புங்க."

திரும்பியது. எங்கும் இடிக்கவில்லை. தூக்கியவர்கள் அவனை வியந்து பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் அடுத்த திருப்பத்துக்கு முன்னால் போய் நின்றான். டாக்டரும் காவலரும் பின்னாலேயே இறங்கினார்கள்.

அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைசியாக வந்தாள். கையில் எதுவும் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பம் காலியாக இருந்தது. யாரோ தண்ணீர் விட்டுத் துடைத்திருந்தார்கள். கீழே வண்டியின் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி கூப்பிட்டான்.

அவள் முதுகைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்து, நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டுச் சுற்றிப் போய், அடுத்த படியில் இறங்கினாள்.