வடிவம்மாள் தூங்க வரும் வீடு

ரெக்சன் வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கனவுதான். ஆளுக்கொரு கனவு காணும் வசதி அந்த வீட்டில் என்றைக்குமே இருந்ததில்லை. பிளாரன்ஸ் கல்யாணமாகிப் புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தபோது பீரோ, கட்டில், மிக்சியோடு இதுவும் சேர்ந்து வந்தது என்று ரெக்சனின் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பீரோ துருப்பிடித்துவிட்டது, கனவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டு ஆட்கள் எல்லாரும் தூங்கினால்தான் அது திறக்கும். ஒருவர் விழித்திருந்தாலும் மற்றவர்களுக்கு வெறும் இருட்டு. திறந்துவிட்டால் அந்தக் கூரைக்கடியில் யார் தூங்கினாலும், விருந்துக்கு வந்தவர்களானாலும் சரி, உள்ளே போய்விடுவார்கள். காலையில் டீ குடிக்கும்போது சண்டை நடக்கும். உப்பளத்துக்கு மேலே பறந்தபோது முன்னால் போனது யார், உவரி பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்தது யார் என்று. மகள் ஜெப்ஸி பத்தாம் வகுப்புக் கணக்குக்குப் பயந்துகிடந்த மாதத்தில் மூன்று பேரும் தினமும் உட்கார்ந்து பரீட்சை எழுதினார்கள். ரெக்சன் மட்டும் ஒவ்வொரு தடவையும் பெயிலானான். தெருவில் இதை யாரும் பெரிசுபடுத்தவில்லை. ஒரு வீட்டில் சர்க்கரை வியாதி, ஒரு வீட்டில் குடி, இந்த வீட்டில் இது.

ரெக்சன் கப்பலில் கிரேன் ஓட்டுகிறவன். சவூதியில் தம்மாமில் பல வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, இடுப்பு வலியைச் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பி, நாற்பது தாண்டிய பிறகு இந்த வேலைக்கு வந்தான். அவனுக்கு வேலை படித்துக்கொடுத்த இசக்கியப்பன் அவனைவிட இளையவன். கப்பல் தளத்தில் நின்று, சரக்கறைக்குள் இறங்கும் கொக்கியை எப்போது தூக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று கிரேன்காரனுக்குக் கைகாட்டுவது இசக்கியப்பனுடைய வேலை. ரெக்சன் அவனை வாத்தியாரே என்று கிண்டலாகக் கூப்பிடத் தொடங்கினான். கொஞ்ச நாளில் கிண்டல் போய்விட்டது, வாத்தியார் மட்டும் நின்றது. ஊரில் அவன் முழு மனசோடு மரியாதை வைத்திருந்த ஒரே ஆள் அந்தச் சின்னப்பயல்தான்.

துறைமுகத்தில் பழைய கப்பல்காரர்கள் விட்டுப்போன இரண்டு சொற்கள் இன்னும் வேலை பார்க்கின்றன. 'ஆரியா' என்றால் இறக்கு. 'ஆபீஸ்' என்றால் தூக்கு. அதனால் நிஜமான ஆபீஸை அங்கே ஒருவரும் ஆபீஸ் என்று சொல்வதில்லை, கச்சேரி என்பார்கள். லீவு கேட்கக் கச்சேரிக்குப் போகிறேன், மேனேஜர் கச்சேரியில் இருக்கிறார் என்றுதான் பேச்சு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மேனேஜர் பாடுவாரா என்று கேட்டுத் திட்டு வாங்குவதும் உண்டு. கப்பலில் நிற்கும்போது நாக்கு தவறியும் அந்தச் சொல் வரக்கூடாது என்பது இசக்கியப்பன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இரண்டாவது பாடத்தை அவன் அடிக்கடி சொல்லுவான்: "கையும் சொல்லும் சேந்து வந்தாத்தான் தூக்கணும் அண்ணாச்சி. சொல்லு மட்டும் வந்தா, அது காத்துன்னு விட்டுரணும்."

மரத்தடி ஏற்றிவந்த ஒரு கப்பலில், சாயங்கால ஷிப்ட் முடியப்போகிற நேரத்தில், கட்டுக்கம்பி கோணலாகக் கிடக்கிறதென்று இசக்கியப்பன் தானே சரக்கறைக்குள் இறங்கினான். மற்றவர்கள் டீக்குப் போயிருந்தார்கள். கடைசித் தூக்கு அது. கிரேன் அறையில் ரெக்சன் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தான். வாக்கிடாக்கியில் வாத்தியாரின் குரல் 'ஆபீஸ்' என்றது. கை தெரியவில்லை. ரெக்சன் லீவரை இழுத்துவிட்டான். தடிகள் எழும்பி, ஒரு பக்கமாகச் சரிந்து, உருண்டன. விசாரணையில் அவன், அலையில் கப்பல் ஆடியது, கொக்கி தானாக அசைந்துவிட்டது என்றான். கடல் மேல் பழி போட்டால் அது வந்து மறுத்துச் சொல்லவா போகிறது? எழுதி மூடிவிட்டார்கள். சடலத்தைத் துணியில் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். இசக்கியப்பனின் மனைவி வடிவம்மாளுக்குப் பார்க்கக் கிடைத்தது பாதம் மட்டும். வாத்தியார் ஏன் அந்தச் சொல்லைச் சொன்னான் என்பது மட்டும் ரெக்சனுக்கு விளங்கவேயில்லை.

அடக்கம் முடிந்த அன்றைக்கே கனவு கப்பலுக்குப் போய்விட்டது. தளத்தில் இசக்கியப்பன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். அது எந்தக் கப்பல் என்று தெரிந்த மறு நொடியில் ரெக்சன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டான், வாயெல்லாம் ரத்தம். காலையில் பிளாரன்ஸும் ஜெப்ஸியும் அழுதுகொண்டே, வாத்தியார் வந்தார், திரும்பிப் பார்ப்பதற்குள் கனவு அறுந்துவிட்டது என்றார்கள். பிளாரன்ஸ் நல்ல மனசுக்காரி. நல்ல மனசால் வரும் கெடுதலுக்கு அளவில்லை. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போன இடத்தில் அதை வடிவம்மாளிடம் சொல்லிவிட்டாள். வடிவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "மைனி, ஒங்க வீட்டுல ஒருநா படுத்துக்கிடட்டுமா? அவுக மூஞ்சிய ஒரு மட்டம் பாத்துட்டேன்னா போதும்."

அன்றிலிருந்து ரெக்சன் சாயங்கால ஷிப்டையே கேட்டு வாங்கி, தூக்கத்தைப் பகலுக்கு மாற்றிக்கொண்டான். பிளாரன்ஸ் இறால் கம்பெனிக்கும் ஜெப்ஸி பள்ளிக்கும் போன பிறகு படுப்பான், அவர்கள் படுத்த பிறகு விழித்திருப்பான். விழித்திருக்க ஏதாவது வேலை வேண்டுமே. அப்படித்தான் அதுவரை சீட்டுக்கட்டைக்கூடத் தொடாத மனுஷனுக்குப் பொழுதுபோக்குகள் வந்தன. முதலில் மீன்தொட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீன்களும் இவனுக்குத் துணையாக விழித்திருந்து, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, ஒவ்வொன்றாகச் செத்தன. அப்புறம் ஹெட்போன் மாட்டி கீபோர்டு. ஒரே ஒரு ஞானப்பாட்டு, அதுவும் பாதி. அப்புறம் யூட்யூபைப் பார்த்து மக்ரூன் போட்டான். முட்டை வெள்ளையை விடிய விடிய அடித்ததில், சுட்டு எடுத்த மக்ரூன்கள் தட்டில் நிற்காமல் மேலே போய் மச்சில் ஒட்டிக்கொண்டன. ஜெப்ஸி காலையில் ஒட்டடைக்கம்பால் தட்டி இறக்கி டிபன் டப்பாவில் அமுக்கி மூடிக்கொண்டு போவாள். நல்ல ருசி என்று டீச்சர்கள் சொன்னார்களாம். ஜெப்ஸி அப்பாவுக்கு இந்த வயதில் என்னவெல்லாம் ஆசை வருகிறது பார் என்று பிளாரன்ஸ் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அவனுக்கோ மக்ரூனும் பிடிக்காது, மீனும் பிடிக்காது. பயம்தான். தான் லீவரை இழுப்பதை மகள் பார்த்துவிடுவாளே என்ற பயம்.

வடிவம்மாளுக்கு ராத்திரி வீட்டை விட்டு வர வழியில்லை, மாமியார் படுத்த படுக்கை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதென்று ஆயிற்று. பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, பிளாரன்ஸ் கூடத்தில் நாலு பாய் விரிப்பாள். பெண்கள் மூன்று பேரும் தூங்கிவிடுவார்கள். ரெக்சன் சுவரைப் பார்த்துப் படுத்து, தொடையைக் கிள்ளிக்கொண்டு, குறட்டை விடுவதுபோல் நடிப்பான். வடிவம்மாள் எழுந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒண்ணும் தெரியல மைனி, ஒரே இருட்டா இருந்துது என்பாள். பிளாரன்ஸ் காப்பி கொடுப்பாள். போகும்போது ரெக்சனிடம், வாரேன் அண்ணே என்று சொல்லாமல் வடிவம்மாள் ஒருநாளும் போனதில்லை. தூத்துக்குடியில் மழை பெய்த ஒன்றிரண்டு ஞாயிறுகளிலும் அவள் நனைந்துகொண்டு வந்தாள்.

ஒரு ஞாயிறு காப்பியை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அவுகளுக்கு எம்மேல உள்ள கோவம் இன்னும் தீரல போலுக்கு. அன்னைக்குப் போன்ல சண்டைலா போட்டேன். கோயில் கொடைக்கு லீவு கேட்டீகளா இல்லையான்னு. ஆபீஸ் போய்க் கேக்கேம்ளா, ஆபீஸ் போய்க் கேக்கேம்ளான்னு சொன்னாக. அதோட கட்டாயிட்டு. வீம்புல நான் திருப்பிப் போடல."

ரெக்சனுக்கு அப்போதுதான் விளங்கியது. கப்பலில் கச்சேரி என்கிற ஆள் பொண்டாட்டியிடம் கச்சேரி என்றா சொல்வான்? கம்பியைச் சரிபண்ணக் குனிந்தபோது நெஞ்சில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியின் பித்தான் தடியில் அமுங்கியிருக்கிறது. போனில் அவளிடம் சொன்ன சொல் கிரேனுக்கு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவன் வீட்டு நினைப்பில் ஒரு தடவை தவறினான், இவன் அவசரத்தில் ஒரு தடவை தவறினான், அவ்வளவுதான். இது தெரிந்ததும் ரெக்சனுக்கு விழித்திருக்க ஒரு கௌரவமான காரணமும் கிடைத்துவிட்டது. தனக்காகவா விழித்திருக்கிறோம்? இவளுக்காக அல்லவா? தன் போன்தான் புருஷனைக் கொன்றது என்று இவளுக்குத் தெரியாமல் இருக்கத்தானே விழித்திருக்கிறோம். இந்தக் காரணத்தை வைத்துக்கொண்டு தவக்காலம் முழுவதையும் ஓட்டினான்.

ஆனால் வடிவம்மாள் அதற்குள் பாதி ஆளாகிவிட்டாள். ஈஸ்டர் கழிந்து வந்த ஞாயிறு, இதோடு நான் வரவில்லை மைனி, செத்தும் என் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்கிற ஆளை நான் ஏன் தொந்தரவு பண்ணணும் என்றாள். அழவில்லை. அழாமல் அவள் அப்படிச் சொன்னது ரெக்சனைக் குத்திவிட்டது. வாத்தியாருக்குக் கோபப்படத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். அவனைப்போய் இப்படி ஒருத்தி நினைத்துக்கொண்டு சாகப்போகிறாளே என்று இருந்தது. அன்றைக்கு அவன் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. மல்லாக்கப் படுத்தான், தொடையைக் கிள்ளவில்லை. மாதக்கணக்கில் நல்ல தூக்கம் காணாத உடம்பு, கல்லைப்போட்டதுபோல் உள்ளே போயிற்று.

இசக்கியப்பன் சரக்கறைக்குள் தடிமேல் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டிருந்தான் என்பதைவிட, திட்டு வாங்கிக்கொண்டிருந்தான் என்று சொல்ல வேண்டும். வடிவம்மாளின் குரல் கப்பல் முழுக்கக் கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படியே சிரித்தபடி கம்பியைப் பார்க்கக் குனிந்தான். தளத்தின் விளிம்பிலிருந்து மூன்று பெண்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் என்ற சொல் வந்தது. மூன்று பேரும் தலையைத் தூக்கி, கிரேன் கண்ணாடிக்குப் பின்னால் ரெக்சனையும் லீவரில் இருந்த அவன் கையையும் பார்த்தார்கள்.

எழுந்தபோது ஃபேன் சத்தம்தான் இருந்தது. ஜெப்ஸி கொல்லைப்பக்கம் போய் வாந்தியெடுத்தாள். பிளாரன்ஸ் பாய்களைச் சுருட்டினாள், ரெக்சன் படுத்திருந்த பாயை மட்டும் தொடவில்லை. வடிவம்மாள் கொண்டையை முடிந்துகொண்டு காப்பிக்கு நிற்காமல் போனாள். மறுநாள் ரெக்சன் கச்சேரிக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னான். அதெல்லாம் முடிந்துபோன கதை, கிளறாதேயும் என்று சொல்லி அவனைக் கிரேனிலிருந்து இறக்கி கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். வடிவம்மாள் போலீசுக்குப் போவாள், ஆட்களைக் கூட்டிவருவாள் என்று அவன் காத்திருந்தான். வந்தால் நல்லது என்றும் இருந்தது. அவன் எதிர்பாராதது ஒன்றுதான்: அடுத்த ஞாயிறு, சாப்பாட்டு நேரம் முடிந்ததும், அவள் தன் பாயைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, கூடத்தில் விரித்துப் படுத்துவிட்டாள்.

அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறியதில்லை. கனவு மாறுவதும் இல்லை. முதலில் இசக்கியப்பன் சிரிக்கிறான், பிறகு தடிகள் உருளுகின்றன. சிரிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் மற்றதையும் பார்த்தாக வேண்டும், அவள் இரண்டையும் பார்க்கிறாள். ரெக்சன் கையைத் துண்டால் ஜன்னல் கம்பியோடு கட்டிக்கொண்டு தூங்கிப் பார்த்தான். கனவில் கை கட்டு அவிழ்ந்துதான் இருந்தது, இழுத்தது. மக்ரூன் தட்டும் கீபோர்டும் பரண்மேல் போய்விட்டன. பிளாரன்ஸ் சோறு போடுகிறாள், பேச்சு இல்லை. ஜெப்ஸி நர்சிங் படிக்க வெளியூர் போக வேண்டியவள், நான் போனால் ஞாயிற்றுக்கிழமை ஆள் குறையும் என்று சொல்லி இங்கேயே காலேஜில் சேர்ந்துவிட்டாள். ஞாயிறு மத்தியானம் அந்த நேரத்தில் தெருவில் யாரும் டிவியைச் சத்தமாக வைப்பதில்லை. மீன்காரம்மாவும் அந்த வீடு தாண்டும்வரை கூவாமல் போகிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு ரெக்சனுக்குத் தூக்கம் வரவில்லை. வேண்டுமென்று அல்ல, நிஜமாகவே வரவில்லை. மற்ற மூவரும் தூங்கினார்கள். வெறும் இருட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வடிவம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். அந்த முதல் கனவுக்குப் பிறகு அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத்தான் பேசினாள். அண்ணே என்று சொல்லவில்லை. "தூங்குங்க" என்றாள். "அங்கன அவுக தனியா நிக்காக."

ரெக்சன் கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான்.