தாண்டினோம் என்று சொன்னால் போதும்

எனக்குக் கடல் ஆகாது. படகில் கால் வைத்தாலே குமட்டும். ஆனாலும் வளைகுடாவின் இந்தத் துறைமுக நகரத்தில் தமிழ் மீனவர் யாராவது பிடிபட்டால், நீதிமன்றத்தில் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். குழாய்க் கம்பெனியில் இன்ஜினியராக இருந்துகொண்டு அரபி கற்றுக்கொண்டதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை இது.

இந்த முறை நான்கு பேர். குளச்சல் பக்கத்துக்காரர்கள். விசா கொடுத்து வேலைக்கு எடுத்த அமீரகத்து முதலாளி, அதாவது கஃபீல், ஒருவரின் படகில் வேலை. எல்லை தாண்டி இந்த நாட்டுக் கடலில் மீன் பிடித்ததாக வழக்கு. படகின் டிரைவர் செல்வசிங், தாண்டவே இல்லை என்றார்.

ஜிபிஎஸ் கருவியைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றேன். வினையே அதில்தான். கடலடியில் மீன் கூடும் பாறை எங்கே இருக்கிறது என்பதை மீனவர்கள் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டார்களாம். வேறு படகு நெருங்கினால், அதில் உள்ளவர்கள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று முதல் வேலையாகத் தங்கள் படகு வந்த தடத்தைக் கருவியிலிருந்து அழித்துவிடுவார்கள். அன்று மத்தியான வெயிலில் கண் கூச, தூரத்தில் வந்த ரோந்துப் படகை மீன்பிடிப் படகு என்று நினைத்து, செல்வசிங் பழக்கதோஷத்தில் பொத்தானை அமுக்கிவிட்டார்.

"தப்புச் செய்யாதவர் எதற்கு அழிக்க வேண்டும்?" என்று அரசு வக்கீல் கேட்டார். பாறை விஷயத்தை அரபியில் விளக்கினேன். எனக்கே அது கதை விடுவதுபோலத்தான் இருந்தது.

பிறகு அரசுத் தரப்பினரே ஒரு வழி சொன்னார்கள். டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், இதுவரை உள்ளே இருந்ததையே தண்டனையாக எடுத்துக்கொள்வார்கள். நால்வரும் அந்த வாரமே ஊருக்குப் போகலாம். மறுத்தால் வழக்கு நடக்கும். எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

"செய்யாத குத்தத்த எனக்க வாயால சொல்ல மாட்டேன், சேது சார்," என்றார் செல்வசிங்.

அவருடைய மச்சினன் ஜிபினும் அந்த நால்வரில் ஒருவன். ஜெயிலில் காமாலை வந்து ஆள் பாதியாகியிருந்தான். சோறு தங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

"அத்தான், சொல்லிரும். நீரு தாண்டலைன்னு நமக்குத் தெரியும், மாதாவுக்குத் தெரியும். இவனுவளுக்குத் தெரியாட்டா என்ன? நான் இங்கயே கெடந்து செத்துருவேன். எனக்க லிஜிக்க மொகத்த ஒருக்கா பாக்கணும்," என்று அழுதான்.

மனைவி பேரைச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். செல்வசிங் அவனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எந்த வார்த்த சொல்லணும் சார்?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். படித்தவன் செய்கிற வேலையா இது என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

நீதிபதி நல்ல மனிதர். யாரும் வற்புறுத்தவில்லையே என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றார் செல்வசிங். எல்லை தாண்டினீர்களா என்று கேட்டபோது, "தாண்டினோம்" என்றார். அரபியிலும் அது ஒரே வார்த்தைதான். சொன்னேன். கத்தரிக்காய் வாங்குகிற நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது.

விமான நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். போலீஸ்காரர் பாஸ்போர்ட்டுகளோடு கவுண்டரில் நின்றார். ஜிபின் என் போனை வாங்கி லிஜியிடம் சிரித்துச் சிரித்துப் பேசினான். முடித்துவிட்டு வந்து செல்வசிங்குக்கு அருகில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அத்தான், ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. நாங்க அன்னைக்கு ஐஸ் பெட்டிக்கிட்ட நின்னோம், ஜிபிஎஸ்ஸ ஒருத்தரும் பாக்கல. இப்பதான் எல்லாம் முடிஞ்சுதே, உள்ளதச் சொல்லும். நாம தாண்டத்தானே செஞ்சோம்?"

எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. இத்தனை நாளும் போலீஸிடமும் வக்கீலிடமும் என்னிடமும் வாய் ஓயாமல் 'இல்லை இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், இப்போது அந்த வார்த்தையை எடுக்கவே இல்லை. மச்சினனின் மஞ்சள் பூத்த கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஊருக்குப் போன ஒடனே நல்ல டாக்டர்ட்ட காட்டணும், மக்கா," என்றார்.